கொப்புளம் இல்லாத அக்கி: எதை வைத்து முடிவு செய்வது?

கேள்வி: என் கணவருக்கு 61 வயது. 14 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். 23 நாள்களாக வலது பக்க முதுகில் தொடங்கி, விலாவைச் சுற்றிக்கொண்டு மேல்வயிறு வரை நெருப்பு வைத்தது போல எரிகிறது என்கிறார். பனியன் உரசினால்கூடத் துடித்துப்போகிறார். இ.சி.ஜி., எக்கோ இரண்டும் சரியாக இருக்கின்றன. வயிற்று ஸ்கேனில் பித்தப்பையில் சிறிய கல் இருப்பதாகச் சொல்லி, அதை எடுத்துவிடலாம் என்றார் ஒரு மருத்துவர். இன்னொருவர், “இது அக்கியாக இருக்கலாம், சிலருக்குக் கொப்புளமே வராது” என்று ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அதில் அம்மை வைரஸுக்கான ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. தோலில் ஒரு புள்ளிகூட இல்லை. கொப்புளம் இல்லாமலும் அக்கி வருமா? எப்படி உறுதி செய்வது? வளைகாப்பு முடிந்து மகள் அடுத்த வாரம் வீட்டுக்கு வரவேண்டும். அவளை அழைத்து வரலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி,

கொப்புளம் இல்லாமலும் அக்கி வரும். ஆனால், உங்கள் கணவருக்கு வந்திருப்பது அதுதான் என்று சொல்வதற்கு இதுவரை நடந்த பரிசோதனைகள் போதாது. அந்த ரத்தப் பரிசோதனை முடிவு இந்தக் கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை. அவருக்கு அடுத்து நடக்க வேண்டியது பித்தப்பை அறுவையும் அல்ல, இன்னொரு ரத்தப் பரிசோதனையும் அல்ல. ஒரு மருத்துவர் அவரது சட்டையைக் கழற்றச் சொல்லி, முதுகு முதல் வயிறு வரை தொட்டுப் பார்த்துப் பொறுமையாகச் சோதிப்பதும், அதன் பிறகு மார்புப் பகுதி முதுகெலும்புக்கு ஓர் எம்.ஆர்.ஐ. எடுப்பதும்தான். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சின்னம்மை வந்து ஆறிய பிறகு அதற்குக் காரணமான வேரிசெல்லா சோஸ்டர் வைரஸ் உடலை விட்டுப் போவதில்லை. முதுகெலும்பின் இரு பக்கமும் தண்டுவடத்தை ஒட்டி இருக்கும் உணர்வு நரம்பு முடிச்சுகளிலும், முகத்துக்கும் காதுக்கும் போகும் மூளை நரம்புகளின் முடிச்சுகளிலும் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கும். வயது ஏறும்போதோ, சர்க்கரை நோய், புற்றுநோய், எச்.ஐ.வி., ஸ்டீராய்டு மருந்து போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குறையும்போதோ ஏதேனும் ஒரு முடிச்சில் அது விழித்துக்கொள்கிறது. முதலில் அந்த நரம்பு அழற்சி அடைகிறது. அதனால் வலி வருகிறது. வைரஸ் நரம்பின் வழியாகவே ஊர்ந்து தோலை அடைந்த பிறகுதான் கொப்புளம் வருகிறது. அதாவது அக்கி என்பது அடிப்படையில் நரம்பின் நோய்; நாம் கண்ணால் காணும் கொப்புளம் அதன் கடைசிக் கட்டம். பெரும்பாலானோருக்கு வலிக்கும் கொப்புளத்துக்கும் இடையே சில நாள்கள்தான் இருக்கும். அரிதாகச் சிலருக்கு வாரக்கணக்கில் வலித்த பிறகு புள்ளிகள் தோன்றியதாகப் பதிவுகள் உண்டு. அதைவிட அரிதாக, வைரஸ் தோல்வரை வராமலே நின்றுவிடுவதும் உண்டு.

இதை 1958-இலேயே லூயிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், கொப்புளம் இல்லாத அக்கி என்ற பொருள் தரும் லத்தீன் பெயரையே தலைப்பாக வைத்து மருத்துவ இதழில் எழுதினார். ஆனால் அன்று அதற்கு ஆய்வகச் சான்று கிடையாது. அமெரிக்க நரம்பியல் மருத்துவர் டொனால்ட் கில்டனின் குழு 1994-இல் அறுபதைத் தாண்டிய இரண்டு ஆண்களைப் பற்றி எழுதியது. மார்புப் பகுதியில் நரம்பு வழியே ஓடும் நாள்பட்ட வலி, தோலில் ஒன்றுமில்லை. அவர்களுடைய முதுகுத் தண்டுநீரில் (மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீரில்) இந்த வைரஸின் மரபணு இருந்ததை பி.சி.ஆர். முறையில் அந்தக் குழு கண்டுபிடித்தது. ஆகவே உங்கள் இரண்டாவது மருத்துவர் சொன்னது கற்பனை அல்ல. நான் தயங்குவது, அந்தப் பெயரை இவ்வளவு சீக்கிரம் உங்கள் கணவர்மீது எழுதிவிடுவதற்குத்தான்.

அக்கியின் வலிக்கு ஒரு வரைபடம் உண்டு. முதுகெலும்பிலிருந்து புறப்படும் ஒவ்வொரு நரம்பும் தோலில் ஒரு பட்டையை ஆள்கிறது. நெஞ்செலும்பு முடியும் இடத்தை ஆறாவது மார்பு நரம்பும், தொப்புளைப் பத்தாவது மார்பு நரம்பும் ஆள்கின்றன. உங்கள் கணவர் சொல்லும் மேல்வயிறு இந்த இரண்டுக்கும் நடுவே, ஏழு, எட்டு, ஒன்பதாவது நரம்புகளின் எல்லைக்குள் வருகிறது. அக்கி என்றால் வலி ஒரு பக்கமாகவே நிற்கும். உடலின் நடுக்கோட்டைத் தாண்டாது. ஒரு பட்டை, அதிகம் போனால் அடுத்த பட்டை. எரிச்சல், மின்சாரம் பாய்வது போன்ற சுரீர் வலி, அரிப்பு, பனியன் உரசினாலே தாங்க முடியாத கூச்சம் ஆகியவை சேர்ந்திருக்கும்.

இப்படி ஒருவர் வந்தால் நான் செய்வதைச் சொல்கிறேன். ஜன்னல் பக்கம், பகல் வெளிச்சத்தில் உட்கார வைப்பேன். பஞ்சைத் திரியாகத் திரித்து, வலி இல்லாத இடது பக்கத்தில் முதலில் தடவி, அந்த உணர்வை மனத்தில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். பிறகு வலது பக்கத்தில் கழுத்துக்குக் கீழிருந்து விரல் விரலாகக் கீழே வருவேன். எந்த இடத்தில் முகம் சுளிக்கிறாரோ அங்கே பேனாவால் ஒரு புள்ளி. எந்த இடத்தில் கூச்சம் நின்று மறுபடி சாதாரணத் தொடுகை ஆகிறதோ அங்கே இன்னொரு புள்ளி. முதுகு, விலா, வயிறு என்று மூன்று இடங்களில் இதைச் செய்து புள்ளிகளை இணைத்தால், சில நேரம் இரண்டு கோடுகளுக்கு நடுவே, விலாவின் சரிவோடு முன்புறம் தாழ்ந்து இறங்கும் ஒரு பட்டை தோலிலேயே தெரியும். குளிர்ந்த உலோகத்தை வைத்தால் அதே பட்டைக்குள் குளிர்ச்சி தெரியவில்லை என்றோ, எரிகிறது என்றோ சொல்வார்கள். இப்படி ஒரு பட்டை அமைந்தால், வலி உள்ளுறுப்பிலிருந்து அல்ல, நரம்பிலிருந்து வருகிறது என்று பெருமளவு நம்பலாம். பஞ்சுச் சோதனையை நீங்களே வீட்டில் மெதுவாகச் செய்து, எல்லையைக் குறித்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

ஆனால் இந்தச் சோதனை எந்த நரம்பு என்று சொல்லுமே தவிர, அந்த நரம்பை வாட்டுவது எது என்று சொல்லாது.

அதற்கு முன், தோலில் ஒரு புள்ளிகூட இல்லை என்பதை இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும். சிவந்த தடிப்பு என்று பாடநூல்களில் இருப்பது வெளிர்ந்த தோலைப் பார்த்து எழுதியது. நம் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. கருஞ்சிவப்பாகவோ, வெறும் மங்கலான கருமையாகவோதான் இருக்கும். சிலருக்கு இரண்டு மூன்று பருக்கள் மட்டும் வந்து, வேர்க்குரு என்று நினைத்துச் சொறிந்து உதிர்த்துவிட்டிருப்பார்கள். முதுகெலும்பை ஒட்டிய இடம், அக்குள், பெண்களுக்கு மார்பின் கீழ் மடிப்பு, தலைமுடிக்குள், காதுத் துளைக்குள், வாயின் மேலண்ணம் ஆகியவை யாரும் பார்க்காத இடங்கள். ஒற்றைத் தலைவலி என்று இரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்ட ஒரு பாட்டிக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட பேத்திதான் முடிக்குள் காய்ந்திருந்த நான்கு பொருக்குகளைக் கண்டுபிடித்தார். அந்தப் பேத்தி சொல்லும் வரை நான் முடியை விலக்கிப் பார்க்கவில்லை. உங்கள் கணவரின் முதுகை, குளித்து முடித்ததும், நல்ல வெளிச்சத்தில் தினமும் ஒரு முறை பாருங்கள். காய்ந்த பொருக்கோ, புதிதாக ஒரு நிறமாற்றமோ அந்தப் பட்டைக்குள் இருந்தால் உடனே காட்டுங்கள். நீர்க் கொப்புளம் வந்தால் அதிலிருந்து எடுக்கும் ஒரு துளி போதும்; பி.சி.ஆர். ஐயமின்றிச் சொல்லிவிடும்.

இனி, அந்த ஐ.ஜி.ஜி. ஒரு கிருமியை எதிர்த்து உடல் உருவாக்கி, நீண்ட காலம் ரத்தத்தில் வைத்திருக்கும் எதிர்ப்புப் பொருள் அது. அது பாசிட்டிவ் என்றால், அவருக்கு வாழ்நாளில் எப்போதோ சின்னம்மை வந்திருக்கிறது என்று மட்டுமே பொருள். ஐந்து வயதில் வந்து மறந்தே போயிருந்தாலும் பாசிட்டிவ் என்றுதான் காட்டும். அந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அக்கி என்று உறுதி செய்வது, ஒருவர் பள்ளிக்கூடம் போனதற்கான சான்றிதழை வைத்து அவர் இன்று வகுப்பில் இருக்கிறார் என்று சொல்வது போன்றது. நெகட்டிவ் என்று வந்திருந்தால்தான் அது பயன்பட்டிருக்கும். அம்மையே வராதவருக்கு அக்கி வர வழியில்லை. தொற்றின் தொடக்கத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். என்ற இன்னொரு பரிசோதனையைச் சிலர் எழுதுவார்கள். அக்கி உள்ள பலருக்கு அது நெகட்டிவாகவும், அக்கி இல்லாத சிலருக்குப் பாசிட்டிவாகவும் வருவதால் நான் அதை நம்புவதில்லை. இரண்டு மூன்று வார இடைவெளியில் ஐ.ஜி.ஜி. அளவு நான்கு மடங்கு ஏறினால் அதற்குப் பொருள் உண்டு. ஆனால் முதல் ரத்தமே வலி தொடங்கிப் பல நாள்கள் கழித்து எடுத்திருக்கும்போது அந்த ஏற்றத்தைப் பிடிக்கும் வாய்ப்பு பெரும்பாலும் கடந்துவிட்டது.

பித்தப்பைக் கல் பற்றி: நடுத்தர வயதைத் தாண்டிய பலருக்குத் தொல்லை தராத கல் இருக்கும், வேறு காரணத்துக்காக ஸ்கேன் எடுக்கும்போது கண்ணில் படும். பித்தப்பை வலி அலையாக வரும், பெரும்பாலும் எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பின்; அரை மணி முதல் சில மணி நேரம் இருந்துவிட்டு அடங்கும். இருபத்து மூன்று நாள் விடாமல் எரிந்து, பனியன் பட்டால் துடிக்க வைக்காது. ஓர் எளிய சோதனை இருக்கிறது. அவர் மல்லாந்து படுத்திருக்கும்போது மருத்துவர் வலிக்கும் இடத்தை அழுத்திக்கொண்டு தலையைத் தூக்கச் சொல்வார். வயிற்றுத் தசை இறுகும்போது வலி குறைந்தால் காரணம் உள்ளே இருக்கலாம். குறையாமலோ கூடியோ இருந்தால் வயிற்றுச் சுவரிலும் அதன் நரம்பிலும் இருக்கிறது. இந்த வலிக்காகப் பித்தப்பையை எடுத்தால், கல் போகும், வலி அப்படியே இருக்கும் என்பது என் அச்சம். காய்ச்சல், மஞ்சள் காமாலை, கல்லீரல் பரிசோதனையில் மாறுதல் இவை இல்லாத வரை அந்த முடிவைத் தள்ளிப்போடுங்கள்.

எம்.ஆர்.ஐ. வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு என் அனுபவம் ஒன்று காரணம். பல ஆண்டுகளுக்கு முன் ஐம்பத்து நான்கு வயதுக்காரர் ஒருவர் இடது மார்பைச் சுற்றிய எரிச்சலோடு வந்தார். பட்டை தெளிவாக இருந்தது, தோல் சுத்தமாக இருந்தது. கொப்புளம் இல்லாத அக்கி என்று நானே சொல்லி, நரம்பு வலிக்கு மாத்திரை கொடுத்தேன். வலி சற்றுக் குறைந்தது. என் முடிவு சரி என்று நினைத்துக்கொண்டேன். ஆறு வாரம் கழித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கால்கள் விறைத்த நிலையில் வந்தார். மார்பு முதுகெலும்பில் காசநோய். எலும்பு அரித்துச் சீழ்கட்டி தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது. சிகிச்சையில் பிழைத்து நடந்தார். ஆனாலும் ஓராண்டு கைத்தடியோடு நடக்கும் நிலைமையை அவருக்கு நான் தவிர்த்திருக்க முடியும். கொப்புளம் இல்லாத அக்கி என்பது மற்றவை எல்லாம் இல்லை என்றான பிறகு வைக்க வேண்டிய பெயர் என்பதை அவரிடம்தான் கற்றேன்.

முதுகெலும்புக் காசநோய், வேறு உறுப்பிலிருந்து எலும்புக்குப் பரவிய புற்று, மார்புப் பகுதியில் முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டு (டிஸ்க்) பிதுங்குதல் மூன்றுமே இதே பட்டை வலியைத் தரும். எம்.ஆர்.ஐ. எழுதும்போது மார்புப் பகுதி முதுகெலும்பு என்று தெளிவாகக் குறிப்பிடச் சொல்லுங்கள். முதுகு வலி என்று மட்டும் எழுதினால் இடுப்புப் பகுதியைப் படம் எடுத்து, எல்லாம் சரி என்று அனுப்பிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

படம் சுத்தமாக இருந்தால் உங்கள் கணவரைப் பொறுத்தவரை என் மனத்தில் இரண்டு காரணங்கள் மிஞ்சும். ஒன்று, கொப்புளம் இல்லாத அக்கி. இன்னொன்று, நம் ஊரில் சர்க்கரை நோயாளிகள் இவ்வளவு பேர் இருந்தும் மருத்துவர்களின் நினைவுக்கு எளிதில் வராத ஒன்று: சர்க்கரை நோயே மார்பு நரம்பின் வேரைத் தாக்குவது. அதுவும் ஒரு பக்கமாக, பட்டையாக, எரிச்சலாகத்தான் வரும். ஆனால் பெரும்பாலும் உடல் எடை குறைந்திருக்கும். நாள் போகப் போகப் பக்கத்துப் பட்டைகளுக்கும், சில நேரம் மறுபக்கத்துக்கும் பரவும். வயிற்றுத் தசை தளர்ந்து ஒரு பக்கம் உப்பினாற்போலத் தெரிவது இரண்டிலும் உண்டு. நீங்கள் எடையைப் பற்றி எழுதவில்லை. கடந்த சில மாதங்களில் பெல்ட்டில் புதுத் துளை போட வேண்டியிருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். மூன்று மாத சராசரிச் சர்க்கரையையும் பாருங்கள். என் கணிப்பில் உங்கள் கணவருக்கு இந்த இரண்டாவது காரணத்துக்கே சற்று அதிக இடம் இருக்கிறது.

இரண்டையும் பிரித்தறிய நேரான வழி முதுகுத் தண்டுநீர்ப் பரிசோதனைதான். இடுப்பில் மெல்லிய ஊசி போட்டு எடுக்கும் நீரில் வைரஸின் மரபணுவை பி.சி.ஆர். முறையில் தேடலாம். நாள்பட்ட பிறகு மரபணு கிடைக்காமல் போகலாம் என்பதால், அதே நீரில் இந்த வைரஸுக்கான ஐ.ஜி.ஜி. எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, ரத்தத்தில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். தண்டுநீரில் அது விகிதத்தை மீறி இருந்தால் நரம்பு மண்டலத்துக்குள்ளேயே வைரஸ் வேலை செய்கிறது என்று பொருள். எல்லா ஊர்களிலும் இதைச் செய்வதில்லை. மாதிரியைப் பெருநகர ஆய்வகத்துக்கு அனுப்ப நேரும். வலி மட்டுமே உள்ள எல்லோருக்கும் நான் இந்த ஊசியைச் சொல்வதில்லை. வலி மாதக்கணக்கில் நீண்டால், கால் பலவீனமோ வேறு நரம்புக் குறையோ சேர்ந்தால், எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவராக இருந்தால் அவசியம். உமிழ்நீரில் பி.சி.ஆர். செய்து பார்க்கும் வழியும் உண்டு. ஆனால் விண்வெளிக்குப் போய் வந்த வீரர்களின் உமிழ்நீரில், எந்த நோய்க்குறியும் இல்லாமலே, இந்த வைரஸின் மரபணு கிடைத்திருக்கிறது. உடல் சோர்ந்த காலத்தில் வைரஸ் சற்றுத் தலைகாட்டிப் போகும் என்பதற்கு அது சான்று. எனவே உமிழ்நீர் முடிவைத் துணைச் சான்றாக மட்டும் கொள்ள வேண்டும்.

மருந்துக்கு வருவோம். கொப்புளம் வந்த அக்கிக்கு 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மருந்து தொடங்குவதுதான் முறை: அசைக்ளோவிர் 800 மில்லிகிராம் நாளுக்கு ஐந்து வேளை, அல்லது வாலசைக்ளோவிர் 1000 மில்லிகிராம் மூன்று வேளை, ஏழு நாள்களுக்கு. இன்னும் பல குடும்பங்களில் முதலில் காவிமண்ணால் அக்கி எழுதிவிட்டு, ஆறாதபோது மருத்துவரிடம் வருகிறார்கள். அதற்குள் அந்த 72 மணி நேரம் போய்விடுகிறது. புதிதாகக் கொப்புளம் வந்தால் தயவுசெய்து அப்படிக் காத்திருக்காதீர்கள். கொப்புளமே வராமல் 23 நாள் கடந்தவருக்கு இந்த மாத்திரை எவ்வளவு பயன்படும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. படம் சுத்தமாக இருந்து, சிறுநீரகம் நன்றாக இருந்தால், ஒரு வாரம் கொடுத்துப் பார்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்க்காமல் தொடங்கக் கூடாது. சிறுநீரகம் பாதித்த சர்க்கரை நோயாளிகளுக்கு அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். வலி குறைந்தது, ஆகவே அக்கிதான் என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள். இந்த வலி தானாகவும் குறையும். தண்டுநீரில் உறுதியானால் மருத்துவமனையில் தங்கி ரத்தக்குழாய் வழியாக அசைக்ளோவிர் ஏற்றிக்கொள்வது வேறு விஷயம். அதற்கு நான் தயங்க மாட்டேன்.

காரணம் எதுவானாலும் அவர் வலியோடு காத்திருக்கத் தேவையில்லை. சாதாரண வலி மாத்திரைகள் இதற்குக் கேட்காது. தொடர்ந்து சாப்பிட்டால் சிறுநீரகம்தான் கெடும். பிரிகாபலின் அல்லது காபாபென்டினை இரவில் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றலாம். முதல் சில நாள்கள் தலைசுற்றும். இரவில் எழுந்தால் உடன் எழுந்திருங்கள். அமிட்ரிப்டிலினும் கேட்கும், ஆனால் புராஸ்டேட் தொல்லையோ இதயத் துடிப்புக் கோளாறோ இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். ஸ்டீராய்டு வேண்டாம். சர்க்கரை ஏறும், உள்ளே காசநோய் இருந்தால் அது பரவ வழி செய்ததாகும்.

இரண்டு கால்களும் தளர்ந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, இரவுக் காய்ச்சல் வந்தாலோ எம்.ஆர்.ஐ.க்கு நாள் பார்க்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இந்த வைரஸ் நெற்றியிலும் கண்ணிலும் காதிலும் விழித்துக்கொள்வதும் உண்டு. கண் சிவந்து பார்வை மங்கினாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ, தோலில் ஒன்றுமில்லை என்று தள்ளிப்போடக் கூடாது. மூளை ரத்தக்குழாய்களை இந்த வைரஸ் தாக்கிப் பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கொப்புளமே வந்ததில்லை.

அக்கிக்கான புதிய வகைத் தடுப்பூசி இந்தியாவில் 2023 முதல் கிடைக்கிறது. 50 வயதைத் தாண்டியவர்களுக்கு, இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணை. இப்போதைய வலியை அது ஆற்றாது. வலி அடங்கிய பிறகு அவரும், உங்களுக்கு 50 கடந்திருந்தால் நீங்களும் போட்டுக்கொள்ளலாம்.

மகளை அழைத்து வாருங்கள். அக்கி கொப்புளத்திலிருந்து வரும் நீரால்தான் பெரும்பாலும் பரவும். கொப்புளம் இல்லாதவரோடு ஒரே வீட்டில் இருப்பதால் அவளுக்கு அச்சமில்லை. அவளுக்குச் சின்னம்மை வந்ததுண்டா என்பது தாயான உங்களுக்கு நினைவிருக்கும். நினைவில்லை என்றால், உங்கள் கணவருக்குப் பயன்படாத அதே ஐ.ஜி.ஜி. பரிசோதனை அவளுக்குப் பயன்படும்: பாசிட்டிவ் என்றால் கவலையே வேண்டாம். நெகட்டிவ் என்றால், அப்பாவின் தோலில் கொப்புளம் ஏதும் தோன்றினால் அதைத் துணியால் மூடி, பொருக்கு கட்டும் வரை அவருடைய துண்டையும் படுக்கையையும் அவள் தொடாமல் பார்த்துக்கொண்டு, அவளுடைய மகப்பேறு மருத்துவருக்கு அன்றே தெரிவியுங்கள்.